பரங்கிமலைக்கு என்னை அனுப்பிவைக்கும் அருப்புக்கோட்டைக்கு நன்றி மடல்

அருப்புக்கோட்டைப் பெரியவர்களுக்கும், என் ஆசிரியர்களுக்கும், தோழிகளுக்கும் பணிவான வணக்கம்.

சென்னை பரங்கிமலையில் உள்ள ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் சேருவதற்கான ஆணை எனக்கு வந்து சேர்ந்துள்ளதை உங்களில் பலர் அறிவீர்கள். வாழ்த்துச் சொல்ல வீடு தேடி வந்தவர்களுக்கு நேரில் நன்றி கூறினேன். ஆனால் விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து இந்த ஆணை கைக்கு வரும் வரை யார் எந்தக் கட்டத்தில் கைகொடுத்தார்கள் என்பது வாழ்த்த வந்தவர்களுக்குக்கூட முழுமையாகத் தெரியாது. அதைப் பொதுவில் எழுதிவைப்பது என் கடமை. பெயரைப் போட வேண்டாம் என்று பெரும்பாலோர் கேட்டுக்கொண்டதால், உறவுமுறையாலும் பொறுப்பாலும் மட்டுமே அவர்களைக் குறிப்பிடுகிறேன்.

முதல் நன்றி எங்கள் தெரு சுபேதார் மாமாவுக்கு. எங்கள் பகுதியிலிருந்து ராணுவத்துக்குப் போனவர்கள் உண்டு. ஆனால் எனக்குத் தெரிந்த எல்லாரும் ஆள்சேர்ப்பு முகாமில் ஓடித் தேறி, சிப்பாயாகச் சேர்ந்து, ஹவில்தாராகவோ சுபேதாராகவோ ஓய்வுபெற்றவர்கள். பட்டம் பெற்ற ஒரு பெண், மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் ஆண்டுக்கு இருமுறை நடத்தும் சி.டி.எஸ். என்ற ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணிகள் தேர்வை எழுதி, நேர்முகத் தேர்வில் தேறி, பயிற்சி முடித்த அன்றே அதிகாரிகளின் முதல் பதவியான லெப்டினன்ட் ஆகலாம் என்பதை எங்கள் கல்லூரி வகுப்பில் ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. 1992 முதல் மருத்துவம் சாராத பிரிவுகளிலும் பெண்கள் அதிகாரிகளாகச் சேர்ந்து வருகிறார்கள் என்பதையும், தம் படைப்பிரிவிலேயே அப்படி வந்த இளம்பெண்ணுக்குத் தாம் சல்யூட் அடித்ததையும் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னவர் அவர்தான். டேராடூன், எழிமலை, ஐதராபாத் ஆகிய மற்ற அகாடமிகளுக்கு விண்ணப்பிப்போருக்கு ஆங்கிலம், பொது அறிவு, கணிதம் என மூன்று தாள்கள் உண்டென்றும், பரங்கிமலைக்கு மட்டும் விண்ணப்பிப்போருக்குக் கணிதத் தாள் இல்லை என்றும் அறிவிப்பைப் படித்துக் காட்டியவரும் அவரே. பி.காம். படித்துக்கொண்டிருந்த எனக்கு அந்த ஒரு செய்தியே பாதித் தயக்கத்தைப் போக்கியது.

அடுத்து, பேருந்து நிலையத்துக்கு அருகே இ-சேவை மையம் நடத்தும் அக்காவைச் சொல்ல வேண்டும். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இன்ஷியல் பெரிய தொல்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் என் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்துதான் இருக்கிறது. ஆதாரிலோ அப்பாவின் முழுப் பெயரும் என் பெயரோடு சேர்ந்துவிட்டது. விண்ணப்பத்தில் பெயரும் பிறந்த தேதியும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே இருக்க வேண்டும் என்பதை எடுத்துச் சொல்லி, ஆதாரைத் திருத்திய பிறகே விண்ணப்பத்தை அனுப்பலாம் என்று அவர் உறுதியாக நின்றார். கூட்டம் நெருக்கும் மாலை வேளையிலும் ஒவ்வொரு கட்டத்தையும் இருமுறை வாய்விட்டுப் படித்தார். பெண்களுக்குத் தேர்வுக் கட்டணம் இல்லை என்பதைக் காட்டி, நான் நீட்டிய பணத்தைத் திருப்பித் தந்ததோடு, தமக்குரிய கூலியையும் வாங்க மறுத்துவிட்டார். பின்னாளில் நேர்முகத் தேர்வுக்காகப் போன பெங்களூரில் சான்றிதழ்களைச் சரிபார்த்தபோது, பெயர் ஒத்துப்போகாமல் தவித்த பிற மாவட்டப் பிள்ளைகளைப் பார்த்த வேளையில்தான் அந்த அக்காவின் கண்டிப்பு எவ்வளவு பெரிய உதவி என்பது எனக்கு விளங்கியது.

எழுத்துத் தேர்வைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். தாளுக்கு 100 மதிப்பெண், இரண்டு மணி நேரம். தவறான விடைக்கு அந்த வினாவின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழியும். கிளை நூலகத்தின் நூலகர் ஐயா ஆங்கில நாளிதழை என் மேசைக்கே கொண்டுவந்து வைப்பார். தமிழ்வழியில் படித்த எனக்குக் கல்லூரியின் ஆங்கிலப் பேராசிரியை வகுப்பு முடிந்த பின் தனியாக நேரம் ஒதுக்கி, முந்தைய வினாத்தாள்களைத் திருத்திக் கொடுத்தார். இருவருக்கும் என் வணக்கம்.

எழுத்துத் தேர்வின் முடிவு வந்ததும் வேலை முடிந்துவிட்டது என்றே வீட்டில் எல்லாரும் நினைத்தோம். தேர்ச்சி பெற்றவர்கள் இரண்டு வாரத்துக்குள் ராணுவத்தின் ஆள்சேர்ப்பு இணையதளத்தில் தனியாகப் பதிவுசெய்தால்தான் நேர்முகத் தேர்வுக்கு இடமும் தேதியும் கிடைக்கும் என்பதை அன்றிரவே தொலைபேசியில் நினைவூட்டியவர், எங்கள் கல்லூரி என்.சி.சி. அதிகாரி ஆசிரியையின் பழைய மாணவியான ஒரு கேப்டன். வடக்கே ஓர் எல்லைப்புற முகாமில் பணியாற்றும் அவருக்கும் எனக்கும் முன்பின் பழக்கமில்லை. ஆசிரியை ஒரு வார்த்தை சொன்னதற்காக, அலைபேசிக்குச் சிக்னல் கிடைக்கும் நேரத்தில் எல்லாம் அழைத்து, நேர்முகத் தேர்வு என்று சொல்லப்படும் அந்த ஐந்து நாள் தேர்வின் ஒவ்வொரு நாளையும் எனக்கு விளக்கினார்.

அந்த ஐந்து நாட்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுவது பின்னால் வரும் தங்கைகளுக்குப் பயன்படும். முதல் நாளில் அறிவுத்திறன் வினாக்களும், மங்கலான ஒரு படத்தை 30 விநாடி காட்டிவிட்டு 4 நிமிடத்தில் கதை எழுதச் சொல்லும் தேர்வும், அந்தக் கதையைக் குழுவில் சொல்லி விவாதிப்பதும் நடக்கும். அன்றே பலரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தங்கியவர்களுக்கு மறுநாள் உளவியல் தேர்வு: 12 படங்களுக்குக் கதை எழுத வேண்டும், அவற்றில் கடைசியாக வருவது வெறும் வெள்ளைத் திரை. பிறகு 60 சொற்கள்; ஒவ்வொன்றையும் பார்த்ததும் மனதில் தோன்றுவதை 15 விநாடிக்குள் எழுத வேண்டும். அதன்பின் அரை மணி நேரத்தில் 60 சூழல்களுக்கு உங்கள் பதில். இதற்காகவே ஆயத்தக் கதைகளை அச்சடித்து விற்கும் பயிற்சி நிலையங்கள் உள்ளன; அப்படி ஓரிடத்தில் கட்டணம் விசாரிக்கப் போனபோது, தமிழ்வழியில் படித்த பெண்ணுக்கு இதெல்லாம் ஒத்துவராது என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். அப்பா அன்று முழுவதும் பேசவில்லை. அந்த வாரமே கேப்டன் அக்கா தொலைபேசியில் அப்பாவிடம் பேசி, மனப்பாடக் கதை உளவியலாளரின் முன் நிற்காது, பெண் தன் வாழ்க்கையில் பார்த்ததையே எழுதட்டும், அதற்குப் பணம் கட்டத் தேவையில்லை என்று தெளிவுபடுத்தினார். சுபேதார் மாமாவும் அதையே தம் பாணியில் சொன்னார்: “பாப்பா, அங்க போயி படிச்ச கதையச் சொல்லாத. நீ யாருன்னு பார்க்கத்தான் கூப்பிடுறாங்க.” இந்த இரண்டு பேரும் அன்று அப்படிச் சொல்லியிருக்காவிட்டால், கடன் வாங்கியாவது அந்தக் கட்டணத்தை என் அப்பா கட்டியிருப்பார்.

மைதானத் தேர்வுகளுக்கு என்னை ஆயத்தப்படுத்தியவர் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியை. கயிறு, பலகை, மரக்கட்டை ஆகிய மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு, சிவப்பு வண்ணம் பூசிய இடத்தைத் தொடாமல், குழுவாகத் தடையைக் கடக்க வேண்டும். அவர் பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை என் குழுவாக நிறுத்தி, பழைய பெஞ்சுப் பலகையால் அதைப் பழக்கினார். பலகையின் முனையில் நான் நடக்கும்போது மறுமுனையில் யாராவது உட்கார்ந்து பாரம் கொடுக்க வேண்டும். அந்த ஆளைக் கேட்டுப் பெறத் தெரிந்தால்தான் தடையைத் தாண்ட முடியும் என்பதை அந்தப் பிள்ளைகளோடு விழுந்து எழுந்தே கற்றேன். பெங்களூரில் என் குழுவில் இருந்தவர்கள் இந்தியில் வேகமாகப் பேசிக்கொண்டிருந்தபோது, நான் பலகையின் மறுமுனையில் போய் உட்கார்ந்தேன். அதன்பின் எங்களுக்குள் மொழி ஒரு தடையாக இருக்கவில்லை. ஹரியானாவிலிருந்து வந்திருந்த தோழி, உயரத்திலிருந்து குதிக்கும் முறையை இரவில் விடுதி வராந்தாவில் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். அவளுக்கும் என் நன்றி உரியது.

நேர்முகத்தின் பெருமை முழுவதும் அப்பாவுக்கே. முதல் நாளில் நிரப்பித் தந்த தன்விவரப் படிவத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் கூலி விசைத்தறி நெசவு என்று எழுதியிருந்தேன். நேர்முகம் நடத்திய அதிகாரி பெரும்பகுதி நேரம் அதைப் பற்றியே கேட்டார். பாவு எது, ஊடை எது, நூல் விலை ஏறினால் கூலிக்கு நெய்பவரின் வருமானம் என்ன ஆகும், அரசு தரும் இலவச மின்சாரம் எவ்வளவு என்று கேள்விகள் வந்தன. விசைத்தறிக்கு இரு மாதங்களுக்கு 750 யூனிட்டாக இருந்தது 2023 மார்ச் முதல் 1,000 யூனிட் ஆனதையும், அதனால் எங்கள் வீட்டு மின்கட்டணத்தில் உண்டான மாற்றத்தையும் தயக்கமின்றிச் சொல்ல முடிந்தது. சிறு வயதிலிருந்து தறிக்குப் பக்கத்தில் என்னை உட்காரவைத்து, அறுந்த இழையை எப்படி முடிவது என்பதிலிருந்து மாதக் கணக்கு எழுதுவது வரை அப்பா சொல்லிக்கொடுத்ததற்கு மேல் அந்த அறையில் எனக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை. ஐந்தாம் நாள் எங்களைத் தேர்வு செய்யும் அதிகாரிகள் அனைவரும் சேர்ந்து அமர்ந்த அவையில் ஒவ்வொருவராகச் சென்று வந்தோம். பிறகு தேர்ச்சி பெற்றவர்களின் செஸ்ட் நம்பர்களை, அதாவது மார்பில் அணிந்திருந்த எண்களை, வாசித்தார்கள்.

மருத்துவப் பரிசோதனையில் சிறு குறைகளுக்காகவே பலர் தற்காலிகத் தகுதியின்மை பெற்று, 42 நாளுக்குள் மீண்டும் வர வேண்டியதாகிறது. காதில் அழுக்கு அடைத்திருந்தால் செவிப்பறை தெரியாது. நல்ல நிலையில் உள்ள பற்களைக் கணக்கிட்டுப் புள்ளிகள் தருவார்கள்; குறைந்தது 14 புள்ளிகள் வேண்டும். இவற்றை முன்கூட்டியே பார்த்துச் சரிசெய்து அனுப்பிய அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டை மருத்துவருக்கும் பல் மருத்துவருக்கும் நன்றி. வரிசையில் நின்றவர்களுக்குக் கொடுத்த அதே ஓ.பி. சீட்டோடுதான் நானும் போனேன். என்ன தேர்வு என்று கேட்டறிந்து, கூடுதலாகக் கால் மணி நேரம் ஒதுக்கிப் பார்த்தார்கள். தற்காலிகப் பட்டச் சான்றிதழ் தாமதமாகிக்கொண்டிருந்தபோது, அது உரிய தேதிக்குள் போய்ச் சேராவிட்டால் இடமே போய்விடும் என்பதைப் புரிந்துகொண்டு, கோப்பைத் தாமே மேசை மேசையாக எடுத்துச் சென்ற அலுவலகப் பணியாளரை நான் ஒருநாளும் மறவேன்.

அம்மாவுக்கும் அப்பத்தாவுக்கும் தனியாகச் சொல்ல வேண்டியது உண்டு. பயிற்சி முடியும் வரை திருமணம் செய்துகொள்ளக் கூடாது என்ற விதியைக் கேட்டு உறவினர் சிலர் முகம் சுளித்தபோது, அப்பத்தா கூடத்தில் எழுந்து நின்று, “புள்ள படிச்சு வாங்குன எடம், யாரும் குறுக்க பேசாதீக” என்றார். அதன்பின் அந்தப் பேச்சே எழவில்லை. 49 வாரப் பயிற்சிக்குக் கட்டணம் ஏதும் இல்லை என்பதும், பயிற்சிக் காலத்திலேயே மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை உண்டு என்பதும் அம்மாவுக்கு இன்னும் முழுதாக நம்ப முடியாத செய்தியாகவே இருக்கிறது.

எங்கள் என்.சி.சி. ஆசிரியை, பரங்கிமலை அணிவகுப்பு மைதானத்துக்கு மேஜர் ராமசாமி பரமேஸ்வரனின் பெயர் சூட்டப்பட்டிருப்பதை முதல் வகுப்பிலேயே சொன்னார். 1972-இல் அதே நிலையத்தில் பயிற்சி முடித்து அதிகாரியாகி, 1987-இல் பணியின்போது உயிர்நீத்து, பரம்வீர் சக்ரா விருது பெற்றவர் அவர். நிறைவு அணிவகுப்பு நாளில் பெற்றோர்தான் தோளில் நட்சத்திரம் குத்துவார்கள் என்றும் ஆசிரியை சொன்னார். அந்த நாளுக்கு என் பெற்றோரோடு சுபேதார் மாமாவும் அத்தையும் வர வேண்டும் என்று இந்த மடலின் வழியாகவே அழைக்கிறேன்.

நான் பயன்படுத்திய புத்தகங்களையும், திருத்திய வினாத்தாள்களையும், விண்ணப்பத்துக்கு வேண்டிய சான்றிதழ்களின் பட்டியலையும் கிளை நூலகத்தில் நூலகர் ஐயாவிடம் ஒப்படைத்துவிட்டேன். 19 முதல் 25 வயதுக்குள் இருக்கும், பட்டம் பெற்ற அல்லது இறுதியாண்டு படிக்கும் தங்கைகளும் தம்பிகளும் அவற்றைக் கேட்டு வாங்கிப் படிக்கலாம். முதல்முறை நேர்முகத் தேர்வுக்குச் செல்பவர்களுக்கு ரயில் கட்டணத்தை மூன்றடுக்கு ஏ.சி. அளவில் திருப்பித் தருவார்கள். தங்குமிடமும் உணவும் அங்கேயே உண்டு. எனவே செலவை நினைத்து யாரும் பின்வாங்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வந்தால் அறிவிப்பைப் படித்து விளக்கத் தயார் என்று சுபேதார் மாமா என்னிடம் சொல்லியிருக்கிறார். பெயர்த் திருத்தம் இருப்பவர்கள் அதற்கு முன்பே இ-சேவை மைய அக்காவைப் பார்த்துவிடுங்கள்.

என்றும் நன்றியுடன்,
உங்கள் ஊர் நெசவாளர் மகள்,
அருப்புக்கோட்டை.