மேல்தட்டு அறை வேண்டாம், பாப்பா

தூத்துக்குடி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய மூன்று உல்லாசக் கப்பல் பயண விலைப்பட்டியலையும் தெருமுனைக் கடையில் பிரின்ட் எடுத்து வந்து இரண்டு நாளாகச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்திருக்கிறேன். உன் அம்மா அதன்மேல் மீன்குழம்புச் சட்டியை இறக்கிவிட்டாள். ஆக விலை கூடிய சூட், அதாவது பெரிய சொகுசு அறையின் படத்தில் இப்போது வட்டமாக ஒரு கறை. போனில் சொன்னால் நீ குறுக்கே பேசிவிடுவாய் என்றுதான் கடிதம்.

எங்கள் 40-வது கல்யாண நாளுக்கு எங்களைக் கப்பலில் அனுப்ப உனக்கு ஏன் இந்த யோசனை வந்தது என்று தெரியாமல் இல்லை. 22 வருடம் கப்பலில் அடுத்தவர் படுக்கையை விரித்த மனுசன் ஒரு வாரமாவது அதில் படுத்து எழும்பட்டும் என்று நினைத்திருக்கிறாய். அம்மாவிடம் சொன்னேன். "அங்கயும் காலையில எழும்பி இவருதான் போர்வைய மடிப்பாரு" என்று சிரிக்கிறாள். பொய் இல்லை.

கடைசி ஆறு வருடம் நான் பட்லராக, அதாவது சூட் அறைக்காரர்களைக் கவனிக்கிற ஆளாக இருந்த கப்பலில், பெயர் எதற்கு, மேல்தளத்தில் முன்முனையான அணியத்துப் பக்கம் இரண்டு பெரிய சூட் இருந்தன. எட்டுப் பேர் உட்காரும் மேசை. மூலையில் கறுப்புப் பியானோ. அந்த மேசையில் எட்டுப் பேர் சேர்ந்து சாப்பிட்டதை நான் பார்த்தது மூன்றே தடவை. பியானோவை வாசித்தவர் யாரும் இல்லை. பேரப்பிள்ளைகள் ஒரே கட்டையை டொங்கு டொங்கு என்று தட்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த மெருகில் விரல் பட்டால் தெரியும், அதனால் தினமும் காலையும் மாலையும் துடைக்க வேண்டும். வந்தவர்கள் எல்லோரும் காப்பியைப் பால்கனியில், இரண்டு நாற்காலிக்கு நடுவே கிடக்கிற சின்ன முக்காலியில் வைத்துத்தான் குடித்தார்கள். அதே முக்காலி சாதாரண பால்கனி அறையிலும் கிடக்கிறது.

அளவைப் பார்த்து மயங்காதே. 2020-இல் வந்த செவன் சீஸ் ஸ்ப்ளெண்டர் என்ற கப்பலில் ரீஜன்ட் சூட் 4,443 சதுர அடி, கட்டில் மட்டும் 2 லட்சம் டாலர். நம் வீடு மொட்டைமாடியைச் சேர்த்தாலும் அதில் பாதி வராது. ஆனால் பல கப்பல்காரர்கள் சொல்லும் சதுர அடியில் பால்கனியும் அடக்கம். நீ அனுப்பியதிலும் அதைக் கழித்துவிட்டுப் பார், அறை சுருங்கிவிடும்.

இன்னொன்று எந்தப் பட்டியலிலும் இருக்காது. விலை கூடிய அறைகள் பெரும்பாலும் உயரத்தில் இருக்கும். அதிலும் பெரியவை அணியத்தின் மேலேயோ, பின்முனையான அமரத்தின் கடைசியிலோ இருக்கும், காட்சி நன்றாகத் தெரிய வேண்டுமே. கப்பல் ஆடுவதும் அங்கேதான் அதிகம். சீசா பலகையை நினைத்துக்கொள், நடுவில் உட்கார்ந்தவனுக்கு என்ன ஆட்டம்? ஒரு அக்டோபர் ராத்திரி, பிரான்ஸ், ஸ்பெயின் கரையை ஒட்டிய பிஸ்கே விரிகுடாவில் மேற்கிலிருந்து நெடும் அலை. பெரிய சூட்டில் வயதான அமெரிக்கத் தம்பதி. விளக்கில் தொங்கிய கண்ணாடிச் சரங்கள் விடிய விடியக் கிணுகிணு என்று அடித்துக்கொண்டே இருந்தன. பச்சை ஆப்பிளும் உப்பு பிஸ்கட்டும் கொண்டுபோனேன், கடலில் தலைசுற்றினால் முதலில் நாங்கள் கொடுப்பது அதுதான். அந்த அம்மாளுக்கு வாயில் வைக்க முடியவில்லை. மூன்று மணிக்கு அவரைக் கைத்தாங்கலாக நாலாவது தளத்துக்கு இறக்கி, நடுக்கப்பலில் லிஃப்டுக்குப் பக்கத்து சோபாவில் படுக்கவைத்தேன். ஐந்து நிமிடத்தில் குறட்டை. அதற்குப் பக்கத்தில்தான் ஆக விலை குறைந்த அறைகள்.

உன் அம்மாவுக்குத் திருச்செந்தூர் பஸ்ஸிலேயே வயிற்றைப் பிரட்டும். அதை மறந்துவிட்டாயா?

இனி உன் கணக்கு. மூன்றுமே மத்தியதரைக் கடலில் ஏழு இரவு. முதலாவது, பெரிய கப்பலுக்குள் தனிவாசல் வைத்த சூட், ஆளுக்கு 4,900 டாலர். இரண்டாவது, சூட் அறைகள் மட்டுமே உள்ள சின்னக் கப்பலில் ஆகக் கீழ்ப்பட்ட அறை, 6,300. மூன்றாவது, முதல் கப்பலைப் போன்ற ஒன்றிலேயே சாதாரண பால்கனி, 1,700. முதலாவதற்கு டிப்ஸ் தனி, ஒரு நாளைக்குச் சுமார் 20 டாலர் என்றால் 140. கரையில் சுற்றிப் பார்ப்பதும் தனி, ஐந்து துறைமுகத்துக்கு 650 வை. 5,690 ஆகிவிட்டது. இரண்டாவதில் இதெல்லாம் உள்ளடக்கம். ஆக வித்தியாசம் 610 டாலர்தான். சூட்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றால் இரண்டாவதை எடு, முதலாவது வேண்டவே வேண்டாம்.

காரணம் இடம். கப்பலின் கிராஸ் டன் என்பது எடை இல்லை, உள்ளே அடைபட்ட இடத்தின் அளவு. அதைப் பயணிகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்ப்பது எங்கள் ஆட்களின் பழக்கம், எண் கூடினால் ஆளுக்கு இடமும் கூடும். 2024-இல் ஓடத் தொடங்கிய ஐகான் ஆஃப் தி சீஸ் என்ற பெரிய கப்பல் 2,48,663 டன். அறைக்கு இரண்டு பேர் வீதம் 5,610 பயணிகள். ஆளுக்கு 44 டன். செவன் சீஸ் எக்ஸ்ப்ளோரர் என்ற சின்னக் கப்பல் 55,000 டன் சொச்சம், 750 பேர். ஆளுக்கு 73. பெரிய கப்பலில் எவ்வளவு பெரிய சூட் எடுத்தாலும், கரைக்கு இறங்கும் பாலமான கேங்வேயில் அந்த 44 டன் நெரிசலில்தான் நிற்க வேண்டும். சின்னக் கப்பலில் கடைசி அறைக்காரருக்கும் அதே சாப்பாட்டுக் கூடம், அதே கவனிப்பு. சில்வர்சீ என்ற கம்பெனியின் கப்பல்களில் ஆகச் சின்ன சூட்டுக்கும் பட்லர் உண்டு.

அந்தத் தனிவாசல் விஷயம் வேறு. எம்எஸ்சி ஃபென்டாசியா என்ற கப்பல் 2008-இல் யாட் கிளப் என்று கொண்டுவந்தது, மற்றவர்களும் ஆளுக்கொரு பெயரில் வைத்திருக்கிறார்கள். தனி நீச்சல்குளம், தனிச் சாப்பாட்டு இடம், அட்டை காட்டினால்தான் கதவு திறக்கும். நான் அப்படி ஒரு கதவருகே நின்று, வழிதவறி வந்த பிள்ளைகளைச் சிரித்த முகத்தோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதற்கு உள்ளே போய் உட்கார எனக்கு மனசு வராது. இது கணக்கில் சேராது, தெரியும்.

இரண்டாவதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. அந்த 6,300-இல் ஷாம்பெயின், விஸ்கி, கேவியர் எல்லாம் அடக்கம். ஸ்டென்ட் வைத்த பிறகு நான் தொடுவதில்லை, அம்மாவுக்குச் சுக்குக்காப்பி போதும். பக்கத்து மேசைக்காரர் குடிப்பதற்கு நம் பிள்ளை காசு கட்ட வேண்டுமா? மேலும் ஏழு நாளில் ஐந்து நாள் துறைமுகம். காலை எட்டு மணிக்கு இறங்கினால் திரும்ப சாயந்தரம். ரோம் என்று போட்டிருப்பது சிவிட்டாவெக்கியா துறைமுகம், அங்கிருந்து ரோமுக்குப் போக மட்டும் 70, 80 கிலோமீட்டர் பஸ். அறை பாட்டுக்குப் பூட்டிக் கிடக்கும். கரைக்கு ஓடுகிற பயணத்தில் பெரிய அறை எடுப்பது, கல்யாண மண்டபத்தைப் பிடித்துவிட்டு விருந்தை ஹோட்டலில் வைப்பது மாதிரி.

அறைக்குக் கொடுக்கும் காசு செரிப்பது கடல்நாள் அதிகம் உள்ள பயணத்தில்தான். இங்கேதான் எனக்கு ஒன்று தோன்றியது. குயின் மேரி 2 என்ற கப்பல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் கிளம்பி ஏழு இரவில் நியூயார்க் போகிறது. நடுவில் துறைமுகமே கிடையாது, வெறும் அட்லாண்டிக். மற்றவை உல்லாசத்துக்குக் கட்டியவை, இது சமுத்திரத்தைக் கடப்பதற்கென்றே கட்டி 2004-இல் இறக்கிய கப்பல். அந்த இடக் கணக்கில் ஆளுக்கு 55 டன் வருகிறது. அங்கேயும் வகுப்பு உண்டு, குயின்ஸ் கிரில், பிரின்சஸ் கிரில், பிரிட்டானியா என்று அறைக்குத் தக்க சாப்பாட்டுக் கூடம். மாடிப்படி வைத்த இரண்டடுக்கு சூட்டும் அமரத்துப் பக்கம் இருக்கிறது, அதைத் திறந்தே பார்க்காதே.

4, 5, 6-வது தளங்களில் கப்பலின் வயிற்றிலேயே வெட்டி வைத்த பால்கனி அறைகள் இருக்கின்றன. உட்கார்ந்தால் இரும்புச் சுவர் மறைக்கும், எழுந்து நின்றால்தான் கடல் தெரியும். அதனால் விலையும் மட்டு. உன் அம்மா எங்கே ஓரிடத்தில் உட்காருகிறாள்? காற்று முகத்தில் அறையாது, ஆட்டமும் குறைவு. கப்பல் 345 மீட்டர் நீளம், அவள் முழங்காலுக்கு நடை ஆகாது. எனவே நடுக்கப்பல், லிஃப்டுக்குக் கிட்டே. ரொம்பக் கிட்டேயும் வேண்டாம், ராத்திரி ஆள் பேச்சு கேட்கும். குளியலறையில் தொட்டி இருந்தால் கால் தூக்கி வைக்க முடியாது, ஷவர் மட்டும் போதும் என்று எழுதிக் கேள். மேற்கே போகும்போது கடிகாரத்தைப் பின்னால் தள்ளுவார்கள், ஐந்து நாள் 25 மணி நேரம். ஐந்து நாளும் ஒரு மணி நேரம் கூடத் தூங்கலாம் என்று சொன்னதும் அவள் சம்மதித்துவிட்டாள்.

பிரிட்டன் விசா எடுக்க வேண்டும். அமெரிக்க விசா ஏற்கெனவே கையில் இருக்கிறது. ஜூனில் வைத்துக்கொள், குளிர்காலத்தில் அந்தக் கடல் பொல்லாதது.

கப்பல் விடியும் முன்னே நியூயார்க் துறைமுக வாசலில் உள்ள வெரசானோ பாலத்துக்கு அடியில் நுழையும். புகைக்கூண்டு பாலத்தில் இடித்துவிடும் போலத் தோன்றும், இடிக்காது. கப்பலைக் கரையில் கட்டி நிறுத்துவது புரூக்ளினில், ரெட் ஹுக்கில். நியூஜெர்சியிலிருந்து உனக்கு எவ்வளவு நேரம்? காரோடு வந்து நில். அம்மா கருவாடு கொண்டுவருவேன் என்கிறாள், வேண்டாம் என்று நீயே அவளிடம் சொல்.

பணம் கட்டுவதற்கு முன்னால் டெக் பிளானை, அதாவது தளங்களின் வரைபடத்தை அனுப்பு. கலர் பிரின்டாக எடுத்து, எந்த அறை என்று சிவப்பு மையில் சுழித்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா