முத்திரைகள் ஓவியத்தைப் பாழாக்கினவா?

பத்திராதிபர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் சீன ஓவியச் சேகரிப்பைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். பதினெட்டாம் நூற்றாண்டில் சீனாவை ஆண்ட சியான்லோங் பேரரசர் பழைய ஓவியங்களின் மேல் முத்திரை குத்தியும் கவிதை எழுதியும் அவற்றைப் பாழாக்கினார் என்று அதில் ஒரு வரி இருக்கிறது. திருகோணமலை மத்திய வீதியில் முப்பது வருடமாகப் படங்களுக்குப் பிரேம் போடுகிறவன் நான். அந்த வரியை என்னால் ஏற்க முடியவில்லை.

சீனத்துக் கைச்சுருள் ஓவியம் ஆணியில் மாட்டி வைக்கிற படமல்ல. மேசையில் வைத்து வலமிருந்து இடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விரித்துப் பார்ப்பது. ஓவியம் முடிகிற இடத்தில் வெறுந்தாள் சேர்த்து ஒட்டியிருப்பார்கள், பார்த்தவர்களும் வைத்திருந்தவர்களும் எழுதுவதற்கென்றே. மிங் அரச வம்சத்துக் காலத்துச் சேகரிப்பாளர் சியாங் யுவான்பியன் தன்னிடமிருந்த ஓவியங்களில் முத்திரைகளை அள்ளிக் குத்தினார், சிலவற்றில் வாங்கிய விலையையும் எழுதினார். ஓர் ஓவியம் யார் யார் கையில் இருந்தது என்று ஆய்வாளர்கள் இன்று தேடிப் பிடிப்பது இவற்றைக் கொண்டுதான்.

சீன ஓவியர் ஹுவாங் கோங்வாங் 1350இல் முடித்த ஃபூசுன் மலை ஓவியத்தையே பாருங்கள். 1650இல் அதன் சொந்தக்காரர் சாகும் தறுவாயில் அதை நெருப்பில் போடச் சொன்னார். உறவினர் ஒருவர் இழுத்தெடுத்தார், ஆனால் அது இரண்டு துண்டாகிவிட்டது. பெரிய துண்டு இப்போது தாய்வானின் தாய்பேயில், சிறியது சீனாவின் ஹாங்சோவில். 1745இல் சியான்லோங்கிடம் முதலில் வந்தது ஒரு நகல். அசலென்று நம்பி அதில் இடமில்லாமல் எழுதித் தள்ளினார். அடுத்த வருடம் அசல் வந்தபோது, இதுதான் நகல் என்று அதன் மேலேயே எழுதச் செய்தார். பேரரசர் பிழைவிட்டார், சரி. எழுதி வைத்தபடியால்தான் அந்தப் பிழை இன்று எங்களுக்குத் தெரிகிறது.

சில வருடங்களுக்கு முன் ஓர் அம்மா பழைய குடும்பப் படமொன்று கொண்டுவந்தா. பின்மட்டையைக் கறையான் அரித்திருந்தது. கழற்றி எறிந்துவிட்டுப் புது மட்டை அடித்துக் கொடுத்தேன். அவ வாங்கியதும் திருப்பிப் பார்த்தா. “தம்பி, அந்த மட்டை எங்க? அதிலதான் அப்பா எல்லாற்ற பேரும் எழுதி வச்சவர். 64ஆம் ஆண்டுப் புயலுக்கு முந்தி எடுத்த படம்.” குப்பை வண்டி காலையிலேயே போய்விட்டது. படத்தில் பதினொரு பேர். அவவுக்குச் சொல்லத் தெரிந்தது நான்கு பேரை.

அதற்குப் பிறகு என் கடையில் எந்தப் பின்மட்டையும் குப்பைக்குப் போவதில்லை. எழுத்துள்ள பகுதியை வெட்டி, உறையிலிட்டு, பிரேமின் பின்னால் ஒட்டிக் கொடுக்கிறேன்.

இன்னொன்று. கட்டுரையோடு நீங்கள் போட்ட படத்தில் மலை மட்டும்தான் இருந்தது, ஓரத்து எழுத்தையும் முத்திரைகளையும் வெட்டிவிட்டீர்கள். அடுத்த ஞாயிறு அந்தச் சுருளை முழுதாகப் போடுங்கள், எழுதப்பட்ட பகுதியோடு.

இப்படிக்கு,
பிரேம் கடைக்காரர் ஒருவர்,
மத்திய வீதி, திருகோணமலை.