விழித்திரை லேசருக்குத் துணைநின்றோருக்கு நன்றி மடல்

கடும் கிட்டப்பார்வையால் விழித்திரை கிழிந்து லேசர் செய்துகொண்ட மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பகுதியினரின் குடும்பங்கள் எழுதுவது.

கண்ணாடிக் கடைக்காரர்களுக்கே பெரிய நன்றி. கண்ணாடி அளவு மைனஸ் 6ஐத் தாண்டிய ஒருவர் “கண்ணுக்குள்ள மின்னல் வெட்டுது, பூச்சி பறக்குது” என்றதும் புதுக் கண்ணாடி விற்காமல் அன்றைக்கே கண் கிளினிக்குக்கு அனுப்பினீர்கள். அத்தகைய கண் வழமையான 24 மில்லிமீற்றரை விட நீண்டு, பெரும்பாலும் 26ஐத் தாண்டியிருக்கும். விழித்திரையின் ஓரம் இழுபட்டு மெலிந்து கிழியும். கிழிசலுக்குள் நீர் புகுந்தால் விழித்திரை கழன்றுவிடும். கழன்ற பின் லேசர் மட்டும் போதாது, சத்திரசிகிச்சைதான்.

தாதியருக்கு: சொட்டு மருந்து விடுமுன் பிரஷர் இருக்கிறதா என்று கேட்டீர்கள், கண்மணியை விரிக்கும் சில மருந்துகள் இரத்த அழுத்தத்தை ஏற்றும். நம்மவரின் கரிய கண்ணில் கண்மணி மெதுவாகத்தான் விரியும். அரைகுறையாக விரிந்தால் ஓரம் தெரியாது, கிழிசல் இருப்பதோ ஓரத்தில். சலிக்காமல் திரும்பத் திரும்ப விட்டீர்கள்.

வைத்தியர்களுக்கு என்ன சொல்ல! கண்ணை மரக்கச் செய்து, ஜெல் பூசிய லென்ஸை வைத்து, கிழிசலைச் சுற்றி இரண்டு மூன்று வரிசையில் பச்சை லேசர். ஒவ்வொரு சூடும் 0.1 முதல் 0.2 விநாடி, வெளிறிய சாம்பல் தடம் விழுந்தால் அளவு சரி. சக்தி மிஞ்சினால் இரத்தம் கசியும், புது ஓட்டையும் விழலாம், குறைந்தால் விழித்திரை ஒட்டாது. பல இடங்களில் தவறுவது கிழிசலின் முன்பக்கம். அது எட்டாத இடம். அதை விட்டுவிட்டால் நீர் அவ்வழியே புகுந்துவிடும். படுக்கவைத்து, வெளியிலிருந்து கண்ணை அமர்த்தி, அங்கும் சுட்டு முடித்தீர்கள். மூன்று மணி, ஒன்பது மணித் திசையில் நரம்பு ஓடுவதால் அங்கே குத்தும் என்று முன்கூட்டியே சொன்னது பெரிய உதவி. திடுக்கிட்டுத் தலையை அசைக்கவில்லை.

லேசர் வேண்டாம் என்று சிலரைத் திருப்பியதற்கும் நன்றி. மெலிவு மட்டும் இருந்து கிழிசலோ அறிகுறியோ இல்லாவிட்டால் பெரும்பாலும் கவனித்து வருவதே போதும். நடுப்பார்வைக்குள் புது இரத்தக்குழாய் முளைத்தவர்களுக்கு ஊசி கொடுத்தீர்கள். அங்கே சுட்டால் தழும்பு ஆண்டாண்டாகப் பரவும்.

கல்லடிப் பாலத்து வெயிலில் கறுப்புக் கண்ணாடி தந்து ஏற்றிவந்த ஓட்டோக்காரத் தம்பிமார்! விரிந்த கண்மணி சுருங்கப் பல மணி நேரம் எடுக்கும், மோட்டார் சைக்கிள் கூடாது.

ஒட்டு இறுக ஏறத்தாழ இரண்டு கிழமை செல்லும். அதுவரை நெல்மூடை தூக்க விடாத, வயற்சொந்தக்காரரான போடியார்மாருக்கும், பிள்ளையைக் கரப்பந்தாட்டத்திலிருந்து நிறுத்திவைத்த விளையாட்டு சேருக்கும் நன்றி. லேசர் செய்தாலும் கண்ணாடியைக் கழற்ற முடியாது, அதே மைனஸ்தான் என்று வீட்டாருக்கு விளங்கப்படுத்திய மிஸ்மாரையும் மறக்கவில்லை.

இன்னும் அனுப்பிக்கொண்டிருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: மற்றக் கண்ணையும் பார்க்கச் சொல்லுங்கள். ஓரத்திலிருந்து கறுப்புத் திரை இறங்குது என்று யாரும் சொன்னால், கிளினிக் நாளுக்குக் காத்திராமல் அன்றே அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
குடும்பத்தார்