எந்தக் கப் என்று சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் சமையல் பக்கத்தை விடாமல் படிக்கிறவன் நான், படிப்பதோடு நிற்காமல் செய்தும் பார்க்கிறவன், அதனால்தான் இந்தக் கடிதம். குறை சொல்லியே ஆக வேண்டும் என்று உட்காரவில்லை. ஆனால் போன சனிக்கிழமை ஒரு கேக் பாழாய்ப்போன கோபம் இன்னும் ஆறவில்லை, அதை மறைக்கவும் போவதில்லை.

குறிப்பில் 1 கப் மைதா, முக்கால் கப் சர்க்கரை, அரை கப் பால் என்று இருந்தது. எந்தக் கப்? என் கைக்கு அகப்பட்டது ரைஸ் குக்கரோடு வந்த பிளாஸ்டிக் கப். மைதாவையும் சர்க்கரையையும் அதில் அளந்தேன், பாலை மட்டும் காப்பி குடிக்கும் பெரிய குவளையில். பிறகுதான் தெரிந்தது, ரைஸ் குக்கர் கப் என்பது 180 மில்லிலிட்டர், ஜப்பானில் அரிசி அளக்கும் பழைய கணக்கு அது. கேக் குறிப்புகளில் வரும் கப் 240 அல்லது 250. கால் பங்காவது மாவு குறைந்து, பால் கூடி, கடைசியில் வெளியே வந்தது கேக் இல்லை, களி. தொடக்கநிலை 3 படிக்கும் என் மகள் அதை ஸ்பூனால் எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, "அப்பா, இது புட்டிங்தானே?" என்று பெருந்தன்மையாகக் கேட்டாள்.

எல்லாவற்றையும் ஒரே கப்பில் அளந்திருந்தால் விகிதமாவது சரியாக இருந்திருக்குமே என்பீர்கள். சரி, என் தப்பும் உண்டு. ஆனால் முட்டை 2 என்று போட்டிருக்கிறீர்களே, முட்டை கப்புக்குத் தகுந்தாற்போல் சுருங்குமா? அதுவும் மைதா விஷயத்தில் ஒரே கப்பைக்கூட நம்ப முடியாது, தளர்வாக அள்ளிப் போட்டால் 120 கிராம், அழுத்தி நிரப்பினால் 150 தொடும். 10 வெள்ளிக்குக் கிடைக்கும் ஒரு சின்ன டிஜிட்டல் தராசு இந்தச் சண்டையெல்லாம் தீர்த்துவிடும், நீங்கள் கிராமில் மட்டும் போட்டால்.

ஊரில் இந்தப் பிரச்சினை வராது. அம்மா ஆழாக்கில்தான் அளப்பார், அந்த ஆழாக்கு பாட்டியுடையது, பாட்டி செய்த பண்டம் எல்லாம் அந்த ஆழாக்குக்குப் பழகியவை. நான் விமானம் ஏறியபோது ஆழாக்கு கூட வரவில்லை. தொலைபேசியில் கேட்டால், "கண்ணளவுதான்டா, உனக்கே தெரியும்" என்பார். கண் இருக்கிறது, அளவு இல்லை.

நான் சிங்கப்பூருக்கு வந்தது 2012ல், தனியாக, ஈசூனில் ஒரு வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டில் ஓர் அறை வாடகைக்கு எடுத்தேன். ஒப்பந்தத்தில் 'லைட் குக்கிங்' என்று ஒரு வரி. வாடகைக்கு அறை தேடிய எவரையும் கேளுங்கள், அந்த இரண்டு சொல்லின் பொருள் வீட்டுக்கு வீடு மாறும். என் வீட்டுக்காரம்மாவுக்கு நூடுல்ஸ் வேகவைப்பது லைட், முட்டை பொரிப்பது லைட், கடுகு வெடித்தால் அது ஹெவி. என் நண்பன் இருந்த வீட்டில் வாரத்துக்கு 2 முறை அடுப்பு, அதுவும் இரவு 8 மணிக்குள். நான் வருவதற்கு முந்தைய ஆண்டுதான் இங்கே பக்கத்து வீட்டுக் குழம்பு வாசனைப் பிரச்சினை பெரிதாகப் பேசப்பட்டு, 2011 ஆகஸ்ட் 21ஆம் தேதி ஊர் முழுக்க எல்லா இனத்தவரும் ஒரே நாளில் கறி சமைத்தார்கள் என்று அலுவலகத்தில் ஒரு சீன அங்கிள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது, ஆனால் அந்தச் சந்தோஷம் என் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கவில்லை.

முதல் மாதமே இட்லி மாவு ஆசை வந்தது. கும்பகோணத்திலிருந்து சுமந்து வந்த மிக்சி இருந்தது. இரண்டு ஊரிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், அதில் சிக்கல் இல்லை, பிளக் மட்டும் சேராது, நம்முடையது உருண்டைக் கால், இங்கே சதுரக் கால். புளோக்குக்குக் கீழே இருந்த சாமான் கடையில் பிளக்கை மாற்றித் தந்தார்கள். மாவு அரைத்தாகிவிட்டது, இரவு முழுக்கச் சமையலறையில் வைக்க அனுமதி இல்லை, எறும்பு வருமாம். அறைக்குள் கொண்டுபோய் வைத்தேன், ஏர்கான் 23 டிகிரியில் ஓடியது, காலையில் பார்த்தால் மாவு வைத்தது வைத்தபடி கல் மாதிரி இருக்கிறது. குறிப்பில் 12 மணி நேரம் புளிக்க விடவும் என்று போட்டிருந்ததே, இன்னும் நேரம் போதவில்லை போலும் என்று ஏர்கானை அணைத்துவிட்டு வேலைக்குப் போனேன். மாலை 7 மணிக்குத் திரும்பினால் பாத்திரத்தின் மூடி தரையில், மாவு அலமாரிக்கு அடியில், என் ஒரே நல்ல காலணிக்குள்ளும் கொஞ்சம். இந்த ஊர் வெக்கையில் 6, 7 மணி நேரமே தாராளம், மிக்சியில் அரைத்தால் மாவு சூடாகும் என்பதால் ஐஸ் தண்ணீர் விட்டு அரைக்க வேண்டும், இதையெல்லாம் நான் காலணியைக் கழுவிக்கொண்டே கற்றேன்.

தாளிப்பையும் அப்படித்தான். புகை கிளம்புவது கடுகால் இல்லை, எண்ணெய் மீறிக் காய்ந்து, அதில் வற்றல் மிளகாய் கருகும்போதுதான் பக்கத்து வீடு வரை இருமல் போகிறது. கொஞ்சம் ஆழமான சின்னப் பாத்திரத்தில் எண்ணெய் காய்ந்ததும் கடுகைப் போட்டு மூடிவிட வேண்டும், வெடிக்கும் சத்தம் குறையும்போது அடுப்பை அணைத்துவிட்டு, இருக்கிற சூட்டிலேயே மிளகாய், பெருங்காயம், ஈரம் துடைத்த கறிவேப்பிலை. வீட்டுக்காரம்மா ஒரு மாதம் கழித்து, "நீ இப்போதெல்லாம் சமைப்பதே இல்லையா?" என்று கேட்டார். நான் தினமும் ரசம் வைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் இன்டக்‌ஷன் அடுப்பு. வாடகை வீடுகளில் பலவற்றில் இதுதான். ஊரிலிருந்து ஆசையாகக் கொண்டுவரும் அலுமினிய குக்கரை அது கண்டுகொள்ளாது, காந்தம் ஒட்டும் அடிப்பாகம் வேண்டும். தாளிப்புக் கரண்டியை வைத்தால் அடி சிறிது என்று பீப் பீப் என்று கத்திவிட்டு அணைந்துவிடும். உங்கள் பக்கத்தில் 'தாளிப்புக் கரண்டியில் தாளித்து' என்று வரும்போதெல்லாம் எனக்கு அந்த பீப் சத்தம்தான் கேட்கிறது.

நான் கேட்பது இதுதான், ஐயா. உங்கள் சமையல் குறிப்புகளை எழுதுகிறவர்கள் நல்ல கைப்பக்குவம் உள்ளவர்கள், சந்தேகமில்லை, ஆனால் அவர்கள் மனத்தில் இருப்பது நாலு அடுப்பு, கிரைண்டர், பெரிய ஓவன், சாப்பிட ஆறு பேர் உள்ள வீடு. படிப்பவர்களில் எத்தனையோ பேர் ஓர் அடுப்பும் ஒரு ரைஸ் குக்கரும் குளிர்பெட்டியில் ஒரே ஒரு தட்டும் வைத்துக்கொண்டு இருக்கிறோம். 'தேவையான அளவு', 'ஒரு கைப்பிடி', 'பதம் வந்ததும் இறக்கவும்' என்பதெல்லாம் ஏற்கெனவே தெரிந்தவர்களுக்குச் சொல்வது. பதம் தெரிந்தவன் எதற்குப் பத்திரிகையைப் பார்க்கப் போகிறான்?

கடைப் பெயர்களையும் கொஞ்சம் சொல்லிக்கொடுங்கள். புதிதாக வந்தவன் பேரங்காடியில் மைதா என்று தேடினால் கிடைக்காது, பொட்டலத்தில் பிளெயின் ஃபிளவர் என்று இருக்கும், பக்கத்திலேயே செல்ஃப் ரைசிங் ஃபிளவர் இருக்கும். இரண்டும் ஒரே வெள்ளை. இரண்டாவதில் பேக்கிங் பவுடர் ஏற்கெனவே கலந்திருக்கிறது என்று தெரியாமல் நான் அதில் பரோட்டா போட்டேன், பன் மாதிரி உப்பி வந்தது, அதையும் சால்னாவில் தொட்டுத் தின்றேன், வேறென்ன செய்வது. சோடா உப்பும் பேக்கிங் பவுடரும் ஒன்று என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சோடா உப்புக்குத் தயிரோ எலுமிச்சையோ மாதிரி ஒரு புளிப்பு துணைக்கு வேண்டும், இல்லாவிட்டால் கேக் சோப்பு மாதிரி கசக்கும். பேக்கிங் பவுடரில் அந்தப் புளிப்பு உள்ளேயே இருக்கிறது. இதை ஒரு வரி போட்டால் எத்தனை கேக் பிழைக்கும்.

ஒவ்வொரு பொருளுக்கும் தேக்கா சந்தைக்கோ முஸ்தபா கடைக்கோ ஓட வேண்டும் என்ற எண்ணமும் மாற வேண்டும். தேக்கா போவது எனக்குப் பிடிக்கும், முருங்கைக்காய்க்கும் வாழைப்பூவுக்கும் போகத்தான் வேண்டும், ஆனால் பொங்கோலிலிருந்து ஒரு வெல்லத்துக்காகப் போய்வருவது ஞாயிற்றுக்கிழமையை விழுங்கிவிடும். கீழே ஈரச்சந்தையில் குலா மலாக்கா இருக்கிறதே, அது தென்னையிலிருந்து எடுக்கும் கருப்பட்டி என்றுதான் சொல்ல வேண்டும், பனங்கருப்பட்டியின் அந்தக் காரல் இல்லாவிட்டாலும் பாயசத்துக்கும் பணியாரத்துக்கும் பிரமாதம். மலாய்க்காரர்கள் பாயம் என்று கேட்டு வாங்குவது நம் தண்டுக்கீரை வகைதான். கெம்போங் என்பது கானாங்கெளுத்தி, பாத்தாங் என்பது வஞ்சிரம். துருவிய தேங்காய் அங்கேயே புதிதாகக் கிடைக்கும், தோலெடுத்து வெள்ளை வெளேர் என்று, சட்னிக்கு அதைவிட என்ன வேண்டும். பண்டான் இலையை முடிந்து அரிசிப் பாயசத்தில் போட்டுப் பாருங்கள், ஏலக்காயை மறந்துவிடுவீர்கள். என் மனைவி ஒத்துக்கொள்ள மாட்டாள், அது வேறு.

பேக்கிங் என்றால் நமக்குச் சம்பந்தமில்லாத வெள்ளைக்காரச் சமாசாரம் என்று நினைத்திருந்தேன், அதையும் இந்த ஊர்தான் மாற்றியது. இங்கே பிறந்து வளர்ந்த தமிழர் வீடுகளில் தீபாவளிக்கு முறுக்கு, நெய் உருண்டைக்குப் பக்கத்திலேயே அன்னாசி டார்ட்டும் நெய் பிஸ்கட்டும் டப்பா டப்பாவாக இருக்கும். எங்கள் மாடியில் இருக்கும் யுரேசிய ஆன்டி ஒருவர் கிறிஸ்துமஸுக்கு சூஜி கேக் கொண்டுவந்து கொடுத்தார். வாயில் போட்டதும் இது நம்ம ரவையாயிற்றே என்று திகைத்துவிட்டேன். வெண்ணெயில் ரவையை இரவே ஊறப் போட்டு, அரைத்த பாதாமும் நிறைய மஞ்சள் கருவும் சேர்த்துச் செய்வாராம், பிராந்தியும் கொஞ்சம் உண்டு என்று மெதுவான குரலில் சொன்னார். எனக்கு அத்தனை முட்டையும் பிராந்தியும் கட்டுப்படியாகாது, அதனால் தயிர் வைத்து எளிய வழி ஒன்றைப் பிடித்தேன், அதைக் கீழே தருகிறேன்.

அதற்கு முன் ஒன்று. தங்குவிடுதிகளில் இருக்கும் நம் தம்பிகளையும் நினைத்துக்கொள்ளுங்கள். விடியுமுன் கட்டி வரும் கேட்டரிங் பொட்டலத்தை மதியம் வேலையிடத்தில் பிரிப்பவர்கள் நிறையப் பேர், இந்தச் சூட்டில் சாம்பார் அதுவரை சாம்பாராகவே இருக்குமா? சமைக்க வசதி உள்ள விடுதிகளில் ஞாயிறன்று ஆளுக்கு ஒரு வேலையாகப் பிரித்துக்கொண்டு சமைக்கிறார்கள். அவர்களுக்கு 10 பேருக்கான அளவில், ஒரே பாத்திரத்தில் முடியும் குறிப்பு மாதம் ஒன்றாவது போட்டால் அது பெரிய உபகாரம். தக்காளி சாதமோ கொண்டைக்கடலைக் குழம்போ போதும், கேக் வேண்டாம்.

இனி ரவை கேக். நான் எதிர்பார்ப்பது இந்த மாதிரி ஒரு குறிப்பைத்தான், இதில் குறை இருந்தால் உங்கள் சமையல் எழுத்தாளர் தாராளமாகத் திருத்தட்டும்.

மெல்லிய ரவை 180 கிராம், மைதா 40 கிராம், சர்க்கரை 140 கிராம், கெட்டித் தயிர் 180 கிராம், உருக்கிய வெண்ணெய் 80 கிராம், பால் 100 மில்லிலிட்டர். பேக்கிங் பவுடர் 1 தேக்கரண்டி, சோடா உப்பு கால் தேக்கரண்டி, இரண்டுமே தலை தட்டி, தேக்கரண்டி என்றால் 5 மில்லிலிட்டர் பிடிப்பது. உப்பு ஒரு சிட்டிகை, ஏலப்பொடி உங்கள் இஷ்டம்.

தயிர், சர்க்கரை, வெண்ணெய் மூன்றையும் கலந்து ரவையைப் போட்டு அரை மணி நேரம் விடுங்கள், ரவை ஊறி இறுகும். அதன்பிறகு பாலும் மைதாவும் உப்பும், கடைசியாகத்தான் பேக்கிங் பவுடரும் சோடா உப்பும், அவை போட்டபின் மாவை நிற்க வைக்காதீர்கள். 18 சென்டிமீட்டர் தட்டு ஒன்றில் வெண்ணெய் தடவி ஊற்றி, 175 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம். டோஸ்டர் ஓவன் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும், மேல் கம்பி கேக்குக்கு மிக அருகில் இருப்பதால் உள்ளே வேகுமுன் மேலே கருகிவிடும், 15 நிமிடம் கழித்து அலுமினியத் தாளை மேலே போட்டு மூடிவிடுங்கள். ஓவன் இல்லாதவர்கள் ரைஸ் குக்கர் பாத்திரத்திலேயே நேராக ஊற்றலாம். பட்டன் மேலே வந்துவிட்டால் 10 நிமிடம் விட்டு மறுபடி அழுத்துங்கள், 3 முறை வரை ஆகலாம், என் பழைய குக்கரில் 4. மேல்பாகம் சிவக்காது, வெளுத்துத்தான் இருக்கும், தட்டில் கவிழ்த்துவிட்டால் சிவந்த அடி மேலே வந்துவிடும். நடுவில் ஈர்க்குச்சி குத்திப் பார்த்து, ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது. முழுக்க ஆறியபிறகு வெட்டுங்கள், சூட்டோடு வெட்டினால் உப்புமா மாதிரி உதிரும்.

இப்படிக்கு,
பொங்கோல் வாசகர் ஒருவர்