இரவு ரோந்தில் ஒரு செவிலியர் வேண்டும்

நீலகிரி மாவட்டக் காவல்துறை அதிகாரிகளுக்கும் மருத்துவத்துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

ஊட்டி மார்க்கெட்டை ஒட்டி டீக்கடை வைத்திருக்கிறேன். மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட் ஏற்றிப் போகும் லாரிக்காரர்களுக்காக விடிகாலை நான்கு மணிக்கே அடுப்பைப் பற்றவைத்துவிடுவேன்.

ஒரு ஜனவரி மாதம். பக்கத்துக் கடைப் படிக்கட்டில் வழக்கமாகப் படுக்கும் பெரியவர் சாக்குக்குள் சுருண்டு கிடந்தார். சாக்கின் மேல் உப்புத் தூவியதுபோல் உறைபனி. டீ வேண்டுமா என்று கேட்டேன். நாக்குக் குழற ஏதோ சொன்னார்; எழப் பார்த்தார், கால் தள்ளாடியது. குடித்திருக்கிறார் என்று முடிவுகட்டி அடுப்படிக்குத் திரும்பிவிட்டேன். ரோந்து வந்த காவலரும் அப்படியே நினைத்தார். தூங்கி எழுந்தால் தெளிந்துவிடும் என்றார். ஒரு லாரி ஓட்டுநர்தான் குனிந்து கையைத் தொட்டுப் பார்த்தார். "சாராய வாடையே இல்லை அண்ணா. உடம்பு ஐஸாக இருக்கிறது, நடுக்கத்தையும் காணோம்" என்றார்.

108 வந்து எடுத்துப் போனது. உடல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் பேச்சுக் குழறும், நடை தள்ளாடும், இன்னும் இறங்கினால் நடுக்கமே நின்றுவிடும் என்று பிறகு ஒரு மருத்துவர் விளக்கினார். சர்க்கரை குறைந்தாலும் ஏறக்குறைய இதே கோலம்தானாம். குடித்தவராகவே இருந்தாலும் ஆபத்து கூடுமே தவிரக் குறையாது. மது தோலுக்கடியிலுள்ள ரத்தக் குழாய்களை விரித்து உடம்புச் சூட்டை வெளியே விட்டுவிடுகிறது. இருபது வருடமாக இந்தக் குளிரில் கடை நடத்துகிற எனக்கே இது தெரியாது. லத்தியும் டார்ச்சும் மட்டும் வைத்திருக்கிற காவலரை எப்படிக் குறை சொல்வேன்?

ஆகவே நவம்பர் முதல் பிப்ரவரி வரை, பஸ் நிலையம், மார்க்கெட், சேரிங் கிராஸ் சுற்றிவரும் ரோந்து வண்டியில் ஒரு செவிலியரையும் அனுப்புங்கள். கையில் சர்க்கரை பார்க்கும் கருவி, நாலைந்து கம்பளி, குறைந்த வெப்பத்தையும் காட்டும் வெப்பமானி இருக்கட்டும். வீட்டில் வைத்திருக்கும் பாதரசக் காய்ச்சல்மானி 35-க்குக் கீழே காட்டுவதே இல்லை.

மனநலம் பாதித்துத் தெருவில் திரிபவர்கள் விஷயத்தில் சட்டமே உங்கள் இரு துறைகளையும் ஒன்றாகக் கட்டிப்போட்டிருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 100-ஆவது பிரிவு: காவல்துறை பாதுகாப்பில் எடுத்தவரை 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும், லாக்கப்பில் வைக்கக் கூடாது, வீடற்றவரென்றால் காணாமல்போனவர் வழக்குப் பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். சீசனுக்கு முன்னால் ஆட்களை அப்புறப்படுத்துகிற வேலையாக மட்டும் இந்த ரோந்தை ஆக்கிவிடாதீர்கள். ஒருமுறை அப்படி நடந்தால், அடுத்த முறை வண்டி விளக்கைப் பார்த்ததுமே ஓடி ஒளிவார்கள்.

பெரியவர் பிழைத்தார். "கூட இருக்க ஆள் யார்?" என்று வார்டில் கேட்டார்களாம், அவருக்கு யார் இருக்கிறார்கள்? நான்காம் நாள் அதே படிக்கட்டுக்கு வந்துவிட்டார். அவர் மூட்டையை நான்தான் எடுத்து வைத்திருந்தேன்: ஒரு ஸ்வெட்டர், அலுமினியத் தட்டு, பிளாஸ்டிக் பையில் சுற்றிய ரேஷன் கார்டு. அதைப் படிக்கட்டிலேயே விட்டுவிட்டு வரச் சொன்னால் எந்த வண்டியிலும் ஏற மாட்டார். மூட்டைக்கும் இடம் கொடுங்கள்.

ரோந்து இரண்டு மணிக்கென்றால் முன்னாலேயே சொல்லி அனுப்புங்கள். அன்றைக்கு அடுப்பை அதற்கு முன்பே பற்றவைத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
மார்க்கெட் டீக்கடைக்காரன்