அந்த வெள்ளிக்கிழமைப் பகுதி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை, தைலம் தேய்க்கிறார். உனக்கு வேலை ஒழிந்திருக்காது, அதனால்தான் போன் வரவில்லை என்று கேட்கிறவர்களிடம் எல்லாம் நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். நான் போட்டிருக்கலாம்தான். ஆனால் இந்த வீட்டில் அடுக்களையில் பேசினால் திண்ணைக்குக் கேட்கும். திண்ணையில் யார் உட்கார்ந்திருப்பார் என்று உனக்குத் தெரியும். ஆகவே கடிதம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். டிவியில் நீ எழுதுகிற பேய் நாடகத்தில் உன் பெயர் ஓடியதைப் பார்த்தோம். ‘வசனம்’ என்று வந்து, நான் கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் போய்விட்டது. தங்கச்சி மகள்தான் மொபைலில் திரும்ப ஓடவிட்டு, அந்த இடத்தில் நிறுத்திப் படம் பிடித்து வைத்திருக்கிறாள். தூத்துக்குடியில் அவள் ஆச்சி வீட்டுக்கெல்லாம் காட்டியாகிவிட்டது. எனக்குச் சந்தோஷம் இல்லாமல் இல்லை. நீ சென்னைக்குப் போன புதிதில், சினிமா என்று போய்ப் பிள்ளை என்ன ஆகப்போகிறானோ என்று என் காதுபடப் பேசிய அதே சம்பந்தி அம்மாள் நேற்று தானாகப் போன் போட்டு, ‘உங்க மகன் நல்லா எழுதுதானே’ என்றார். நீ நன்றாகச் சாப்பிடு. ராத்திரி முழுக்க விழித்து எழுதாதே.

ஊர் என்ன சொல்கிறது என்று ஒரு வாயில் சொல்ல முடியாது. அந்த ஒரு பகுதிக்கு முன்னால் வரைக்கும் யாருக்கும் எந்தக் குறையும் இல்லை. பேய் வந்தது, கதவு தானாகச் சாத்தியது, மருமகளுக்கு முடி விரிந்தது, பிள்ளைகள் ராத்திரி கொல்லைப்பக்கம் போகத் துணைக்கு ஆள் கேட்டன, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவைக் காட்டப்போகிறார்கள் என்று முன்னோட்டம் போட்டதும் எல்லாம் மாறிவிட்டது. எட்டு மணிக்கே அடுப்பை அணைத்துவிட்டு நம் வீட்டில் பாதித் தெரு உட்கார்ந்திருந்தது.

சாமி சிலையைக் காட்டியதுமே சலசலப்பு. பெரிய மீசையும் குதிரையும் வைத்து நம் சுடலையை மதுரைப் பக்கத்துச் சாமி ஆக்கிவிட்டீர்கள். சீவலப்பேரியில் பிடிமண் எடுத்து வந்து போட்ட, தூண் மாதிரி நிற்கிற பூடத்துக்கு மீசை எங்கே இருக்கிறது? மஞ்சணைக்குப் பதில் குங்குமத்தை அள்ளி அப்பியிருந்தார்கள். நையாண்டி மேளம் இல்லை, மகுடம் அடிக்க ஆள் இல்லை, ஏதோ உறுமியை ஓட்டிவிட்டார்கள். அதெல்லாம் உன் கையில் இல்லை, டைரக்டர் வேலை, கலைக்காரர் வேலை என்று தங்கச்சி உனக்காக வாதாடினாள். இருக்கலாம். கேட்கவாவது கேட்டிருக்கலாமே, நீ இந்த ஊர்ப் பிள்ளைதானே.

அப்புறம் சாமியை வரவழைக்கிற வரத்துப் பாட்டு. அதை யார் வைக்கச் சொன்னது? அதுதான் அன்றைக்குப் பெரிய கூத்து. வில்லுப்பாட்டுச் சத்தம் வந்து, குடம் அடிக்க அடிக்க, மேலத்தெருச் சித்திக்கு உட்கார்ந்த இடத்தில் உடம்பு ஆட ஆரம்பித்துவிட்டது. தலை முடிச்சு அவிழ்ந்துவிட்டது. ஒருத்தி வேப்பிலைக்கு ஓடினாள், ஒருத்தி திருநீற்றுக்கு ஓடினாள். டிவியை நிறுத்து என்று ஒரு பக்கம், வந்த சாமியை நிறுத்தலாமா, பாட்டு முடியட்டும் என்று ஒரு பக்கம். அதற்குள் சோப்பு விளம்பரம் வந்துவிட்டது. சித்தி அப்படியே நின்று தண்ணீர் கேட்டார். நான் சிரிக்கக் கூடாது, ஆனாலும் உனக்கு எழுதும்போது சிரிப்பு வருகிறது. வில்லுக்கார அண்ணாவிக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் டீக்கடையில், ‘வரத்துப் பாடினா சாமி வரணும், வந்தா எறக்கி விடணும், பாதியில வுட்டுட்டுச் சோப்பு விக்கதுக்கா அது?’ என்று சத்தம் போட்டாராம். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அந்த இடைவேளையை எங்கே வைக்கிறார்கள் என்று நீ கொஞ்சம் பார்த்துக்கொள்.

ஆனால் சண்டை இதற்கெல்லாம் இல்லை. எதற்கு என்று உனக்குத் தெரியும்.

சாமியாடுகிற அந்தக் கோமரத்தாடி சுடுகாட்டு வேட்டைக்குப் போகிற இடம். பந்தத்தோடு ஊரைத் தாண்டி ஓடுகிறான், கூட யாரும் வரவில்லை, சுடுகாட்டுக்குப் போனதும் வல்லய ஈட்டியைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறான். சாமி வரவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கிறான், அழுகிறான், முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறான். பிறகு பந்தத்தை எடுத்து ஆடிக்கொண்டே கோயிலுக்குத் திரும்பி வருகிறான்.

சர்ச்சுக்குப் போகிற டீச்சர் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தான் பார்த்த நாடகத்திலேயே இதுதான் உண்மையாக இருந்தது என்றார். இளவட்டங்கள் அந்த இடத்தை மட்டும் வெட்டி ஸ்டேட்டஸ் வைத்தார்கள். பெரியவர்களுக்குத்தான் பொறுக்கவில்லை. வேட்டைக்குப் போகும்போது யாரும் பின்னால் போகக் கூடாது, பார்க்கவும் கூடாது என்று காலங்காலமாக இருக்கிறது, அதைக் கேமரா வைத்துக் காட்டலாமா என்கிறார்கள். சாமி வரவில்லை என்று எழுத இவன் யார் என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயில் முன்னால் கொடைக்கு வரி கொடுக்கிற வரிக்காரர்கள் கூடிப் பேசினார்கள். தாராவியிலிருந்து ஒருவர் போனிலேயே கலந்துகொண்டார். நம் சாமியைத் தமிழ்நாடே பார்த்தது, இதில் என்ன குற்றம் என்று பாதிப் பேர். இந்த வருஷம் அந்த வீட்டு வரி வேண்டாம் என்று சிலர். பெரியப்பா வாயே திறக்கவில்லையாம். அந்த மனுஷனுக்கு எப்போது வாய் இருந்தது.

உனக்கு நினைவு இருக்கும், 1997, 98 வாக்கில் சன் டிவியில் விடாது கருப்பு ஓடியதே. குதிரைச் சத்தம் கேட்டதும் நீ என் முந்தானைக்குள் போய்விடுவாய், ஆனால் டிவியை நிறுத்தவும் விடமாட்டாய். அப்போதும் ஊர் வாரக்கணக்கில் சண்டை போட்டது, சாமியா மனுஷனா என்று. ஆனால் அதை எழுதியவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர் எங்கேயோ இருந்தார். உனக்கு அப்படி இல்லை. நீ எழுதினால் உன் வீட்டுக்கு வருவார்கள்.

அப்பா முழுவதும் பார்த்தார். எழுந்து போகவில்லை. ஆரம்பத்தில் ‘இத்தொடரில் வரும் சம்பவங்கள் யாவும் கற்பனையே’ என்று போட்டார்களே, அதை வாய்விட்டுப் படித்தார். முடிந்ததும் பாயை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார். வரிக்காரர் கூட்டத்தில் அவர் பேசியது ஒரே பேச்சு. ‘வரிய நான் கொடுத்துடுதேன். இந்த வருசம் ஆடல.’

முழங்கால் வலியால் சொன்னாரா, வேறு எதனாலா, எனக்குத் தெரியவில்லை. டாக்டர் போன தடவையே தேய்மானம் என்று சொல்லிவிட்டார், அதனாலும் இருக்கலாம். நீ போன் போட்டால் தெரியும்.

என்னிடம் அவர் கேட்டது ஒன்றுதான், அதுவும் நாலு நாள் கழித்து. நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். ‘அவன் எங்கன நின்னு பாத்தான்?’ என்றார். நான் ‘யாரு, எத?’ என்றேன். அவர் அதற்கு மேல் பேசவில்லை.

ஆடு கோழி வெட்டக் கூடாது என்று உத்தரவு போட்டார்களே, 2003. மறு வருஷமே எடுத்துவிட்டார்கள், ஆனால் அந்த ஆவணிக் கொடைக்குக் கோயில் வாசலில் போலீஸ் நின்றது. கிடா இல்லை. கூத்தாடுகிற கணியானும் பாதியிலேயே ஆட்டத்தை நிறுத்திவிட்டார். சாமிக்கு என்ன கொடுத்து வேட்டைக்கு அனுப்புவது என்று பெரியவர்களுக்குள் குழப்பம். உன் அப்பா வெறும் சோற்று உருண்டையோடு போனார், திரும்பி வர வழக்கத்தைவிட நேரமாயிற்று. நீ அப்போது ஒன்பதாம் வகுப்பு. விடிந்ததும் உன் குதிகாலில் உடைமுள் ஒடிந்து இருந்தது. ஊக்கைச் சுட்டு நான்தான் எடுத்தேன். ஊருக்குள் எங்கேயடா உடைமுள் என்று நான் கேட்கவில்லை. கேட்காததற்கு அன்றைக்கும் காரணம் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. இப்போதும் கேட்கவில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன், கோபப்படாதே. அவன் சுடுகாட்டில் உட்கார்ந்ததைக் காட்டினாய் அல்லவா, அதற்கு முந்தின நாட்களை ஏன் காட்டவில்லை? கொடைக்குக் கால்நாட்டியதிலிருந்து உன் அப்பாவுக்கு ஒரு வேளைச் சாப்பாடு. வெறும் தரையில் படுக்கை. வெளியில் தண்ணீர் குடிக்க மாட்டார், துஷ்டி வீட்டுக்குப் போக மாட்டார், சொந்த அத்தை இறந்ததற்கே போகாமல் பேச்சு வாங்கினார். வெள்ளிக்கிழமை மதியக் கொடைக்கே கண் உள்ளே போய்விடும், சாமக்கொடை வரைக்கும் எப்படித் தாங்குகிறார் என்று நான் ஒவ்வொரு வருஷமும் கோயில் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவர் ஆடும்போது போடுகிற சல்லடத்தைத் துவைக்கிறவள் நான். அதில் என்ன வேர்வை, என்ன ரத்தம் என்று எனக்குத் தெரியும். சுடுகாட்டில் சாமி இருந்ததா இல்லையா என்பது அவருக்கும் சுடலைக்கும் உள்ளது. நீயும் நானும் அதில் எதற்கு? ஆனால் விரதம் பொய் இல்லை. அதை எழுதியிருந்தால் அந்த அழுகை வேறு மாதிரி இருந்திருக்கும், எனக்கு வசனம் எழுதத் தெரியாது, ஆனாலும் சொல்கிறேன்.

அந்த நடிகர் முழங்காலைப் பிடித்தது அப்படியே உன் அப்பா. ஊருக்கே தெரிந்துவிட்டது. அதைப் பார்த்து எனக்கு முதலில் பெருமைதான் வந்தது, பிள்ளை தகப்பனை இவ்வளவு உற்றுப் பார்த்திருக்கிறானே என்று. பிறகுதான் மற்றது.

ஆகவே நீ போன் போடு. என்ன பேச என்று யோசிக்காதே. கற்பனை என்றால் கற்பனை என்று சொல்லு. பார்த்தது என்றால் அதையும் சொல்லிவிடு, அவர் தாங்குவார். எதுவும் சொல்ல வரவில்லை என்றால் முழங்காலைப் பற்றிக் கேள். வியாழக்கிழமை ரேட்டிங் வருகிற வரைக்கும் தலைக்கு மேல் வேலை என்பாய், சரி, வெள்ளிக்கிழமை போடு.

ஆவணியில் கொடை. வெளியூர்க்காரர்கள் எல்லோரும் வருவார்கள், நெல்லை எக்ஸ்பிரஸில் இடம் கிடைக்காது. 60 நாளைக்கு முன்னால் ரிசர்வேஷன் திறந்ததுமே போட்டுவிடு. வியாழக்கிழமை குடியழைப்புக்கு முன்னால் வந்து சேர்கிற மாதிரி போடு, வெள்ளிக்கிழமை காலையில் வந்து இறங்குவதெல்லாம் வேண்டாம், விருந்தாளி மாதிரி இருக்கும். அவர் ஆடினாலும் ஆடாவிட்டாலும் நீ வரத்தான் வேண்டும். ஆடாவிட்டால் கட்டாயம் வர வேண்டும். கோயிலில் யாராவது ஏதாவது சொன்னால் பதில் பேசாதே, சித்தப்பா பார்த்துக்கொள்வார். வேஷ்டி இங்கே இருக்கிறது, நீ ஒன்றும் கொண்டு வர வேண்டாம்.

மிளகாய்ப்பொடியும் பருப்புப்பொடியும் டீச்சர் அக்கா மகனிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன். கருப்பட்டி இந்தத் தடவை இளகல், வெயிலில் வைக்காதே. அறையில் தனியாக இருந்துகொண்டு ராத்திரி பேய்க்கதை எழுதுகிறாய், திருநீறு பூசிக்கொண்டு படு. நன்றாகச் சாப்பிடு.

டிக்கெட் போட்டதும் அப்பாவுக்கே போன் போட்டுச் சொல்லு, எனக்கு வேண்டாம். எடுக்கவில்லை என்றால் இன்னொரு தடவை போடு. கண்ணாடியைத் தேடி எடுத்து யார் பெயர் வருகிறது என்று பார்ப்பதற்குள் மணி நின்றுவிடுகிறது அவருக்கு.

அம்மா