பாதத்தையும் பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை நோயாளிகளுக்கு மாதந்தோறும் இரத்தம் பார்த்து மாத்திரை தருகிறார்கள். 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வந்த பிறகு, நடமாட முடியாத முதியவர்களுக்கு மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நன்றியோடுதான் சொல்கிறேன், ஆனால் வைத்தியம் மாத்திரையோடு நின்றுவிடுகிறது.

என் அண்ணன் பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரு வேளை மாத்திரைகூடத் தவறவிடாதவர். சென்ற தை மாதம் வயலில் கருவேலமுள் ஏறியது அவருக்குத் தெரியவே இல்லை. மூன்றாம் நாள் பாயில் ஈரத்தைக் கண்ட மதினி காலைத் திருப்பிப் பார்த்தபோதுதான், ஒடிந்த முள்ளும் அதைச் சுற்றிச் சீழும் இருந்தன. மதுரைக்குக் கொண்டுபோய் இரண்டு விரல்களை எடுத்த பிறகே காலைக் காப்பாற்ற முடிந்தது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் அவர் பாதத்தை ஒருவரும் தொட்டுப் பார்த்ததில்லை.

நாள்பட்ட சர்க்கரை பாதத்தின் நரம்புகளை மரத்துப்போகச் செய்வதால், நோயாளி தானாக வந்து வலிக்கிறது என்று சொல்லமாட்டார். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையைப் பாதத்தில் சில இடங்களில் வைத்து, உணர்வு இருக்கிறதா என்று கேட்டாலே ஆபத்து முன்கூட்டித் தெரிந்துவிடும். பயிற்சி பெற்ற செவிலியரே இதைச் செய்யலாம். கண்ணும் அப்படித்தான். விழித்திரை கெடத் தொடங்கும்போது பார்வை மங்குவதில்லை என்பதால், ஆண்டுக்கு ஒருமுறை படமெடுத்துப் பார்க்க வேண்டும். 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனை தொடங்கிய மதுரையில், சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு இது எட்டாமல் இருக்கக் கூடாது.

இன்னொன்று: சோதனைக்கு முதல் நாள் இரவு சோற்றைக் குறைத்துக்கொண்டு வருபவர்கள் எங்கள் ஊரில் பலர். மறுநாள் காலை அளவு நன்றாக இருக்கும், அதே மாத்திரை தொடரும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. சோதனை இப்படி ஏமாறாது. அதைத் தவறாமல் எடுக்க வேண்டும்.

நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடியைத் தாண்டிவிட்டதாக 2023-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. இத்தனை பேரையும் நகரத்துச் சிறப்பு மருத்துவர்களால் பார்க்க இயலாது. வரிசை நீளும் நாள்களில் திணறும் கிராம மருத்துவரையும் குறை சொல்ல மாட்டேன். அதனால்தான் செவிலியருக்குப் பயிற்சியும் தனி நேரமும் கேட்கிறேன். சுகாதார நிலையத்தின் வாசலிலேயே நாங்கள் செருப்பைக் கழற்றிவிடுகிறோம். மாத்திரைக்காக வரிசையில் நிற்கும் அந்த வெறுங்காலைக் குனிந்து ஒரு நிமிடம் பார்க்க மாவட்டச் சுகாதார அலுவலர் ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
உசிலம்பட்டி வட்டம், மதுரை மாவட்டம்.